துண்டும் சிறையும்: மலையகத் தொழிலாளர் மீதான தண்டனைச் சட்டம்

இலங்கையின் நுவரெலியா, அட்டன் மலைச்சரிவுகளில் தேயிலை பரவுவதற்கு முன்பே, கோப்பிக் காலத்தில் இயற்றப்பட்ட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கி, பணக் கொடுக்கல் வாங்கல் வழக்காகத் தீர்ந்திருக்க வேண்டிய ஒப்பந்த மீறலுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தச் சட்டமே பின்னர் தேயிலைத் தோட்டங்களையும் ஆண்டது.

சட்டத்துக்குத் துணைநின்றது கடன். தென்னிந்தியாவிலிருந்து வந்த வழிச்செலவும் தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் தொழிலாளியின் பெயரில் ஏறியிருந்தமையால், ‘துண்டு’, அதாவது இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு, இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்வது அரிதாயிற்று. புதிய துரை அத்தொகையைக் கட்டினாலும் கடன் தீராது, தொழிலாளியோடு சேர்ந்து இடம் மாறியது. மனிதருக்கு விலை குறித்த தாள் என்று அதைச் சொல்வது மிகையன்று.

1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கிய சேர் பொன்னம்பலம் அருணாசலம், மலையகத்திலேயே பிறந்த பெரி. சுந்தரத்தின் துணையோடு, இத்தண்டனைப் பிரிவுகளை நீக்குமாறு வற்புறுத்தினார். இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்துகொள்ள, 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. கங்காணியிடம் பட்ட கடனோ அதன் பின்னும் நெடுங்காலம் தொழிலாளர் குடியிருந்த லயங்களை விட்டு அகலவில்லை.