சஞ்சீவ் அரோரா

சஞ்சீவ் அரோரா (பிறப்பு: 1968) இந்தியாவில் பிறந்த அமெரிக்கக் கணினி அறிவியலாளர். பெர்க்கிலியில் உமேஷ் வசிரானியிடம் ஆய்வு செய்து 1994இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பி.சி.பி. தேற்றத்தை நிறுவியவர்களுள் ஒருவர். சில கணக்குகளுக்குச் சரியான விடை மட்டுமல்ல, அதற்கு நெருங்கிய விடையும் எளிதில் கிட்டாது என்பதற்கு வலுவான ஆதாரம் அது.

வியப்பு என்னவென்றால், 1996இல் நம்பிக்கையூட்டும் மறுபக்கத்தையும் அவரே காட்டினார். சமதளத்தில் பரவிய ஊர்களையெல்லாம் சுற்றிவர மிகக் குறுகிய வழி எது? வரைபடத்தைச் சதுரங்களாக மேலும் மேலும் பிரித்து, ஓரங்களில் குறித்த சில வாயில்கள் வழியாகவே பாதையைச் செல்லவிட்டார். வேண்டிய அளவு நெருக்கமான விடை நியாயமான நேரத்தில் கிடைத்தது. ஜோசப் மிட்செலும் இதைத் தனியே கண்டறிந்தார். 2010இல் இருவருக்கும் கோடல் பரிசு வழங்கப்பட்டது.