பெர்லுக்கு வகை வந்த வழி

1994-ல் பெர்ல் 5 வந்தபோது ஆப்ஜெக்ட் வசதியும் கூடவே வந்தது. ஆனால் அது வெறும் எலும்புக்கூடு. ஒரு ஹேஷை எடுத்து, இன்ன கிளாஸைச் சேர்ந்தது என்று ‘பிளெஸ்’ கட்டளையால் முத்திரை குத்தினால் அதுவே ஆப்ஜெக்ட். அதற்குள் என்னென்ன பண்புகள், ஒவ்வொன்றிலும் என்ன வகை மதிப்பு என்று அறிவிக்க மொழியில் இடமே கிடையாது. வயதுக்கு உரிய இடத்தில் ஊர்ப்பெயரைப் போட்டாலும் பெர்ல் வாய் திறக்காது. வேண்டுமானால் நிரல் எழுதுபவர் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு ‘இஃப்’ எழுதிக்கொள்ளலாம். பிறகு மதிப்பை மாற்றும் மெத்தடிலும் அதையே மறக்காமல் எழுத வேண்டும். 2006-ல் ஸ்டீவன் லிட்டில் வெளியிட்ட ‘மூஸ்’ லைப்ரரி இந்தத் தொல்லையை ஒரே வரியில் முடித்தது. ‘ஹேஸ்’ என்று எழுதிப் பண்பின் பெயர், ‘ஐசா’வுக்கு எதிரே ‘இன்ட்’. அதன்பின் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவோ மதிப்பை மாற்றும் மெத்தட் வழியாகவோ மதிப்பைக் கொடுத்தாலும், முழு எண் இல்லையென்றால் நிரல் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். ஆனாலும் சோதனையைவிட அறிவிப்புக்கு ஓர் இடம் கொடுத்ததுதான் மூஸின் பெரிய கொடை என்பது என் கட்சி. மூஸ் பாடம் கற்ற இடங்களில் ஒன்றான காமன் லிஸ்ப் மொழியிலும் அறிவிப்புக்கே முதலிடம்: பண்புக்கு வகை குறிக்கலாம்; ஆனால் அதைச் சோதித்தே தீர வேண்டும் என்று அதன் தரநிலை கட்டாயப்படுத்தவில்லை.

சோதனையே அரைகுறை என்பார்கள். உண்மைதான். மேற்கோள் குறிக்குள் 30 என்று எழுதிக் கொடுத்தாலும் ‘இன்ட்’ ஏற்றுக்கொள்ளும். முழு எண்களின் பட்டியல் என்று அறிவித்த பண்பில், பட்டியலை வெளியே எடுத்து நேரடியாக ஒரு சொல்லைச் செருகினால் மூஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இது பெர்லுக்கான வகை முறைமை அல்ல என்று மூஸின் ஆவணமே கறாராகச் சொல்லிவிடுகிறது. தராத வாக்குறுதிக்காக அதைக் குறை சொல்ல முடியாது. நிரல் தொடங்கவே நேரம் பிடிக்கிறது என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. 2010-ல் ‘மூ’ என்ற இலகுவான லைப்ரரி பிறந்ததற்கு அதுவும் காரணம். ‘மூ’ எதை விட்டது, எதை வைத்துக்கொண்டது என்று பாருங்கள்: ‘இன்ட்’ போன்ற ஆயத்த வகைப்பெயர்கள் போயின; ‘ஹேஸ்’ வரியும் அதில் ‘ஐசா’வும் நின்றன. எதிரே சோதிக்கும் ஃபங்ஷனை நாமே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 2023-ல் பெர்ல் 5.38 சோதனை முயற்சியாகக் கிளாஸை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தபோதும் பண்பை அறிவிக்க ‘ஃபீல்டு’ என்ற சொல் கிடைத்தது. வகைச் சோதனை கிடைக்கவில்லை. அதற்கு லைப்ரரியைத்தான் நாட வேண்டும்.