யாரைப் பார்த்துக் கற்றது இயந்திரம்?

காலையில் கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் பூட்டுத் திறக்கிறது. வேலைக்குக் கிளம்பினால் நெரிசல் குறைந்த சாலையை அது காட்டுகிறது. பரிசு விழுந்ததாக ஏமாற்றும் மின்னஞ்சல்கள் தாமாகவே தனியே ஒதுங்கிக்கொள்கின்றன. கடன்பற்று அட்டையில் வழக்கத்துக்கு மாறான செலவு தெரிந்தால், உண்மைதானா என்று வங்கி கேட்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது செயற்கை நுண்ணறிவு.

நேற்று முளைத்த அதிசயமா இது? இல்லை. இதற்கு முக்கால் நூற்றாண்டு வரலாறு உண்டு.

பெயர் பிறந்த கதை

இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியை 1950ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுப்பினார் பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங். அதற்கு ஒரு சோதனையையும் அவர் சொன்னார். முகம் தெரியாத இருவருடன் எழுத்து வழியாக உரையாட வேண்டும். ஒருவர் மனிதர், மற்றொன்று இயந்திரம். எது எதுவென்று பிரித்தறிய முடியாவிட்டால் இயந்திரம் வென்றதாகக் கொள்ளலாம் என்றார் அவர்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1956ஆம் ஆண்டுக் கோடையில் ஓர் அறிஞர் குழு கூடியது. அதற்காக முதல் ஆண்டே எழுதப்பட்ட விண்ணப்பத்தில் ஜான் மெக்கார்த்தி பயன்படுத்திய பெயர்தான் செயற்கை நுண்ணறிவு. ஒரே கோடையில் பெரிய முன்னேற்றம் காணலாம் என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் பல பத்தாண்டுகள் ஆயின.

விதிகளின் காலம்

தொடக்கத்தில் இயந்திரத்துக்கு அறிவூட்டும் வழி விதி எழுதுவதாகவே இருந்தது. இப்படி வந்தால் இதைச் செய், அப்படி வந்தால் அதைச் செய் என்று மனிதர்கள் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் எலைசா. எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1966ல் வெளியிட்ட உரையாடல் நிரல் அது. அம்மா என்ற சொல் வந்தால் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லும்படி கேட்கும். மற்றபடி, சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த நிரல் உருவாவதை மாதக்கணக்கில் அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சிறிது நேரம் உரையாடியதும், அவரைச் சற்று அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! இயந்திரம் தம்மைப் புரிந்துகொள்கிறது என்று மனிதர்கள் எவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறார்கள் என்று வைசன்பாம் கலங்கினார்.

விதிகளுக்கும் எல்லை உண்டு. ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு விதம். பூனை நிற்கும், படுக்கும், பாதி மறைந்திருக்கும். இதற்கெல்லாம் யார் விதி எழுதி முடிப்பது? 1973ல் பிரிட்டனில் வெளிவந்த லைட்ஹில் அறிக்கை இத்துறையைக் கடுமையாகக் குறை கூறியது. அங்கு ஆய்வு நிதியும் சுருங்கியது.

எடுத்துக்காட்டுகளின் காலம்

குழந்தைக்குப் பூனை எது என்று யாரும் இலக்கணம் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொள்கிறது. அதே வழியில், 1958ல் ஃபிராங்க் ரோசன்பிளாட் கற்கும் இயந்திரம் ஒன்றை முன்வைத்தார். தொடக்கத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்பு நீடிக்கவில்லை.

இவ்வழியின் செயல்முறை எளியது. இயந்திரத்திடம் ஒரு படத்தைக் காட்டினால் அது ஊகிக்கும். ஊகம் தவறானால், உள்ளே இருக்கும் எண்கள் இம்மியளவு திருத்தப்படும். இது பல மில்லியன் முறை நடக்கும். 1986ல் ஜெஃப்ரி ஹின்டனும் மற்ற இருவரும் வெளியிட்ட கட்டுரை இத்திருத்த முறையைப் பரவலாக்கியது. 1989ல் பெல் ஆய்வுக்கூடத்தில் யான் லெக்குன் குழுவினர், கடித உறைகளில் கையால் எழுதிய அஞ்சல் குறியீட்டை இயந்திரத்தைப் படிக்க வைத்தார்கள்.

1997ல் சதுரங்க வெற்றியாளர் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ, பெரும்பாலும் பழைய வழியில் வந்தது. விநாடிக்கு 200 மில்லியன் நிலைகளை ஆராயும் வேகமே அதன் பலம். 2012ல் நிலைமை மாறியது. 1.2 மில்லியன் படங்களைக் கொண்டு பழகிய ஹின்டன் குழுவின் இயந்திரம், படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. 2016ல் கோ விளையாட்டில் ஆல்ஃபாகோ வென்றது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வீடுகளுக்குள் வந்தது.

வெள்ளை முகமூடி

எடுத்துக்காட்டிலிருந்து கற்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. காட்டியதைத்தான் இயந்திரம் கற்கும். காட்டாததை அது அறியாது.

எம்ஐடியில் படித்த கருநிறப் பெண் ஜாய் புவோலம்வினியின் முகத்தை ஒரு மென்பொருள் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி அணிந்ததும் கண்டுகொண்டது! 2018ல் டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை அவர் சோதித்தார். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடமோ அது 34.7 விழுக்காடு வரை போனது. இத்துறையில் புழங்கிய படத் தொகுப்புகளில் வெளிர்நிற முகங்களே மிகுந்திருந்தன. முடிவு வெளியான பிறகு அந்நிறுவனங்கள் பிழையைக் குறைத்தன. கேள்வி கேட்டதால் வந்த பலன் அது.

முகத்துக்குப் பொருந்துவது மொழிக்கும் பொருந்தும். உரையாடும் இயந்திரங்கள் மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்தே பேசுகின்றன. இணையத்தில் ஆங்கிலம் கடல், தமிழ் குளம். 2023ல் சிங்கப்பூரில் வெளியான சீ-லயன் மொழி மாதிரியில், தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழும் சேர்க்கப்பட்டது நல்ல தொடக்கம்.

பேரப்பிள்ளை நாளை தமிழ்ப் பாடத்தில் ஐயம் கேட்கும்போது இயந்திரம் எந்தத் தமிழில் பதில் சொல்லும்? இன்று எழுதப்படும் தமிழில்தான். பிழையோடு எழுதினால் பிழையோடு கற்கும். எழுதாமலே விட்டால் ஊகித்துச் சொல்லும். அதையும் தயங்காமல் சொல்லும். எலைசாவிடம் மனம் திறந்த செயலாளரைப் போல அதை அப்படியே நம்புவதா, யாரைப் பார்த்துக் கற்றாய் என்று கேட்பதா என்பது மனிதர் கையில் இருக்கிறது.