குவில்லியம்: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

இலண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், புரூக்வுட் என்னும் பெரிய இடுகாடு இருக்கிறது. அதனுள் அமைந்த முஸ்லிம் மையவாடியில் திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்த மர்மடியூக் பிக்தால் (1875-1936), அப்துல்லாஹ் யூசுப் அலீ (1872-1953) ஆகிய இருவரும் துயில்கின்றனர். அவர்கள் இருவருக்கும் முன்பே, 1932 ஏப்ரலில், அதே மண்ணில் ஒரு முதியவர் அடக்கம் செய்யப்பட்டார். வாழ்வின் இறுதி ஆண்டுகளில் அவர் ஹாரூன் முஸ்தஃபா லியோன் என்று அறியப்பட்டிருந்தார். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்னர், இஸ்தான்பூல் முதல் இந்தியா வரை முஸ்லிம்கள் அவரை வேறொரு பெயரால் அறிந்திருந்தனர். அந்தப் பெயர் அப்துல்லாஹ் குவில்லியம்.

இதில் முற்பாதிக்கு விளக்கம் தேவையில்லை. பிற்பாதியோ ஆங்கிலேயர் பலருக்கே புதிதாக ஒலிப்பது. ஸ்மித், ஜோன்ஸ், வில்லியம்ஸ் போல ஊருக்கு ஊர் கேட்கக் கூடிய பெயரன்று அது. அப்பெயர் எந்த மண்ணில் முளைத்தது? அதன் பொருள் யாது? அதைத் தாங்கியவர் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் அதைக் கைவிடாதது நமக்கு எதை உணர்த்துகிறது? இவ்வினாக்களைப் பின்தொடர்ந்தால் ஒரு சிறு தீவின் மொழி வரலாறும், பெயரிடல் பற்றிய இஸ்லாமிய நெறி ஒன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் காணலாம்.

தீவும் மொழியும்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐரிஷ் கடலின் நடுவே மேன் தீவு கிடக்கிறது. அதன் பரப்பு 572 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பிரிட்டிஷ் மணிமுடிக்கு உட்பட்டதாயினும் அது ஐக்கிய இராச்சியத்தின் பகுதியன்று. ‘டின்வால்ட்’ எனப்படும் தனக்கென ஒரு நாடாளுமன்றத்தைக் கொண்டது. அத்தீவு மக்களின் பழைய தாய்மொழி ஆங்கிலமன்று. ஐரிஷ், ஸ்காட்லாந்து கேலிக் ஆகியவற்றின் உடன்பிறப்பான மேங்க்ஸ் மொழியையே அவர்கள் பல நூற்றாண்டுகள் பேசி வந்தனர். அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான நெட் மாட்ரெல் 1974இல் மறைந்தார். பின்னர் ஆர்வலர்களின் முயற்சியால் மொழி மீட்கப்பட்டு, 2001 முதல் அம்மொழியிலேயே பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்றும் இயங்கி வருகிறது.

மொழி நலிந்த காலத்திலும் அதன் ஒரு பகுதி அழியாமல் நின்றது. அதுதான் மக்களின் குடும்பப் பெயர். வீட்டில் ஆங்கிலம் பேசத் தொடங்கியவர்களும் தந்தை வழிப் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. எனவே பேச்சில் மறைந்த மேங்க்ஸ், பெயர்களுக்குள் உறைந்து கிடந்தது.

ஒற்றை ஒலியில் ஒடுங்கிய ‘மகன்’

கேலிக் மொழிகளில் ‘மக்’ என்றால் மகன். நம் ‘மகன்’ என்னும் சொல்லை அது நினைவூட்டினாலும் இரண்டிற்கும் உறவேதுமில்லை. ஒலி ஒப்புமை தற்செயலானது. மக்டொனால்ட் என்பது டொனால்டின் மகன் என்று பொருள்படுவதைப் பலரும் அறிவர். மேன் தீவில் இம்முறை மிகத் தொன்மையானது. அத்தீவின் தென்பகுதியில் பல்லாகுவீனி என்னுமிடத்தில் கிடைத்த கல்லொன்றில், கோடுகளால் ஆன ‘ஓகம்’ எழுத்தில், இன்னாரின் மகன் என்னும் குறிப்பு ‘மக்கி’ என்ற பழஞ்சொல்லால் பொறிக்கப்பட்டுள்ளது. வடபுலத்து வைக்கிங்குகள் வந்து குடியேறிய பின்னரும் இம்முறை மாறவில்லை. வந்தவர்களின் பெயர்களே ‘மக்’ என்னும் முன்னொட்டை ஏற்றன. தோர்லியோட் என்ற நார்ஸ் பெயர் கொண்டவரின் வழியினர் இன்று கார்லெட் எனப்படுவது இதற்குச் சான்று.

1511ஆம் ஆண்டைச் சேர்ந்த அத்தீவின் நிலக்குத்தகைப் பதிவேட்டில் ‘மக்’ தாங்கிய பெயர்கள் நிறைந்துள்ளன. அடுத்த நூறாண்டுகளில் அந்த முன்னொட்டு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இம்மாற்றத்தை ஆராய்ந்து 1890இல் தீவின் குடும்பப் பெயர்கள், இடப்பெயர்கள் பற்றி நூல் வெளியிட்டவர் ஆர்தர் வில்லியம் மூர் என்னும் அறிஞர். அவர் பின்னர் தீவின் மக்களவைத் தலைவராகவும் விளங்கினார்.

மறைந்தது எவ்வாறு? பெயரைச் சொல்லும்போது அழுத்தம் முன்னொட்டின் மீது விழாது. தந்தையின் பெயர் மீதே விழும். அழுத்தம் பெறாத ‘ம’ தேய்ந்து உதிர்ந்தது. எஞ்சிய ‘க்’ ஒலி, பின்வந்த பெயரோடு ஒட்டிக் கொண்டது. இவ்வாறு ‘மக் உவில்லியம்’ என்பது ‘குவில்லியம்’ ஆயிற்று. ஆங்கில எழுத்தர்கள் அவ்வொலியைத் தங்கள் ‘கியூ’ எழுத்தால் குறித்தனர். பாலின் மகன் குவேல், வால்டரின் மகன் குவால்ட்ரோ, ஐசக்கின் மகன் கிஸ்ஸாக், டெர்மட்டின் மகன் கெர்மோட் என்று பெயர்கள் பிறந்ததும் இவ்வழியே. மேங்க்ஸ் குடும்பப் பெயர்கள் பலவும் ‘க’கர ஒலியில் தொடங்குவதன் காரணம் இதுவே. அந்த ஒற்றை ஒலிக்குள் ‘மகன்’ என்னும் முழுச்சொல் ஒடுங்கியிருக்கிறது. தந்தையின் பெயரை ஒரேயொரு தலைப்பெழுத்தாகத் தாங்கி நிற்கும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

வேல்ஸ் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. அங்கே மகனைக் குறிக்கும் ‘அப்’ தேய்ந்து, ரிச்சர்டின் மகன் பிரிச்சர்ட் ஆனார்; ஓவனின் மகன் போவன் ஆனார். ‘இப்னு’ என்னும் அரபுச் சொல்லுக்கும் ஐரோப்பியர் வாயில் இதே கதி நேர்ந்தது. இப்னு ருஷ்து அவெர்ரோஸ் ஆகவும், இப்னு சீனா அவிசென்னா ஆகவும் மாறியபோது, முன்னால் நின்ற ‘இப்னு’ பெயரோடு பெயராகக் கரைந்து போயிற்று. ஆக, குவில்லியம் என்பதை அரபு மரபில் சொல்வதாயின் ‘இப்னு வில்லியம்’ என்றே சொல்ல வேண்டும்.

அந்த வில்லியம் என்னும் பெயரும் நெடும்பயணம் செய்து வந்ததுதான். விருப்பம் அல்லது மனவுறுதி, தலைக்கவசம் ஆகிய இரு பொருள்களைத் தரும் ஜெர்மானியச் சொற்களின் சேர்க்கை அது. 1066இல் நார்மானியரோடு இங்கிலாந்துக்குள் பரவி, கேலிக் நாவில் உருமாறி, ‘மக்’ என்னும் உறவுச்சொல்லைச் சூடி, இறுதியில் ஒரு சிறு தீவின் பெயராயிற்று. ஜெர்மானியம், நார்மானியம், கேலிக், ஆங்கிலம் ஆகிய நான்கின் தடங்களும் அந்த ஒரு பெயரில் பதிந்துள்ளன.

ஏன் அரிதாயிற்று?

வில்லியம் என்னும் பெயர் ஐரோப்பாவில் மிகப் பரவலானது. அவ்வாறிருக்க, வில்லியமின் மகன் என்ற பொருள்படும் பெயர் எவ்வாறு அரிதாக இருக்க முடியும்? பொருள் ஒன்றாயினும் வடிவங்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டதே காரணம். அதே பொருளை வில்லியம்சன், வில்சன், ஃபிட்ஸ்வில்லியம், மக்வில்லியம் எனப் பல பெயர்கள் பகிர்ந்து கொண்டன. முன்னொட்டின் ஒரு துணுக்கை மட்டும் தாங்கிய குவில்லியம் என்னும் வடிவம் மேன் தீவுக்கே உரியதாயிற்று. கேட்பதற்கு இதைப் போன்றே ஒலிக்கும் குவிலியம் என்னும் வேல்ஸ் பெயர் வேறு. அது வில்லியமின் வேல்ஸ் வடிவமேயன்றி, ‘மகன்’ என்னும் பொருள் அதில் இல்லை.

தீவின் மக்கள்தொகை 1821 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 40,000. 2021இல் சுமார் 84,000. ஆனால் இப்போது அங்கு வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியில் பிறந்து குடியேறியவர்கள். இத்தகைய சிறு நிலத்தில் ஒரு பெயரின் வேர்கள் சில குடும்பங்களைத் தாண்டா. ஆண் வாரிசு இல்லாமற் போனால் ஒரு கிளை அற்றுப் போகும். வறுமை வந்தால் இன்னொரு கிளை கப்பலேறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேங்க்ஸ் மக்கள் பலர் எதிர்க்கரையிலிருந்த லிவர்பூல் துறைமுகத்துக்கும், 1820களிலிருந்து அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கும் சென்றனர். அவர்களோடு அவர்களின் பெயர்களும் சென்றன.

எண்ணிக்கையில் சிறியதாயினும் வரலாற்றில் இப்பெயர் இடம்பெறாமல் போகவில்லை. 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் ‘விக்டரி’ கப்பலில் முதல் லெஃப்டினன்டாக இருந்தவர் ஜான் குவில்லியம் (1771-1829). சுக்கான் சக்கரம் குண்டடிபட்டுச் சிதறியபோது, கீழ்த்தளத்திலிருந்து கப்பலைச் செலுத்த உதவியவர் அவர். 1894இல் ஹால் கெய்ன் எழுதிய ‘தி மேங்க்ஸ்மேன்’ புதினத்தில் வரும் பீட் என்பவனுக்கும் இதே குடும்பப் பெயர். ஹிட்ச்காக் 1929இல் அதைத் திரைப்படமாக்கினார்.

இப்னு வில்லியம் அப்துல்லாஹ்

லிவர்பூலுக்குப் பெயர்ந்த மேங்க்ஸ் குடும்பத்தின் வழியில், கடிகாரத் தொழில் செய்த ராபர்ட் குவில்லியமின் மகனாக, 1856 ஏப்ரல் 10 அன்று வில்லியம் ஹென்றி குவில்லியம் பிறந்தார். மெத்தடிஸ்ட் கிறித்தவராக வளர்ந்து, வழக்குரைஞரானார். மொரோக்கோ பயணத்தில் இஸ்லாத்தை அறிந்து, 1887இல் அதைத் தழுவினார். 1889இல் லிவர்பூலின் பிரௌகம் டெரஸ் என்னும் வீட்டு வரிசையில் பள்ளிவாசலை அமைத்தார். 1893 முதல் ‘தி கிரெசன்ட்’ வார இதழை நடத்தினார். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1894இல் அவரைப் பிரிட்டிஷ் தீவுகளின் ஷைகுல் இஸ்லாமாக ஏற்பித்தார்.

வில்லியம் என்னும் தம் இயற்பெயருக்குப் பதிலாக அவர் அப்துல்லாஹ் என்று அறியப்பட்டார். ஆனால் வில்லியமின் மகன் என்னும் குடும்பப் பெயரை விடவில்லை. தம் மகன்களுள் ஒருவர் ராபர்ட் அஹ்மத் என்றும், மற்றொருவர் பிலால் என்றும் அழைக்கப்பட்டனர். ராபர்ட் என்பது பாட்டனாரின் பெயர். அஹ்மத் என்பது புதிய நெறியின் பெயர். இரண்டும் ஒரே மனிதரில் இணங்கி நின்றன.

இது வெறும் பழக்கமன்று. இஸ்லாமிய மரபோடு முற்றிலும் பொருந்துவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொருந்தாத பொருள் கொண்ட பெயர்களை மாற்றியதுண்டு. கீழ்ப்படியாதவள் என்று பொருள்பட்ட ஒரு பெண்ணின் பெயரை ஜமீலா என்று மாற்றினார்கள். ஆனால் இஸ்லாத்தை ஏற்றவர்களின் தந்தை பெயரை அவர்கள் அழிக்கவில்லை. இஸ்லாத்தைக் கடுமையாக எதிர்த்த வலீதின் மகன், காலித் இப்னு வலீத் (ரலி) என்றே இன்றும் போற்றப்படுகிறார். வளர்ப்பு மக்களையும் அவர்களின் சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் பணித்தது. அதன் பின்னரே ஸைத் இப்னு முஹம்மத் என்றிருந்தவர் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) ஆனார்கள். நபியின் பெயரோடு இணைந்திருக்கும் பெருமையைக் காட்டிலும், பெற்ற தந்தையின் உரிமை மேலாக மதிக்கப்பட்டது.

இந்த நெறியை நாம் நடைமுறையில் சில வேளை மறந்துவிடுகிறோம். புதிதாக மார்க்கத்தைத் தழுவும் ஒருவரிடம், அவருடைய பழைய பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் துறக்கும்படி எதிர்பார்ப்போர் உண்டு. தந்தை முஸ்லிமல்லர் என்பதால் அவர் பெயரைச் சொல்லக் கூசும் நிலைக்குப் புதிய முஸ்லிம்கள் தள்ளப்படுவதும் உண்டு. அவர்களுக்குக் குவில்லியம் என்னும் பெயரே போதிய விடை. அவர் இறைவனின் அடிமையானார். அதற்காக வில்லியமின் மகன் அல்லாதவராக ஆகவில்லை.

மறைந்ததும் மீண்டதும்

அப்படிப் போற்றிய பெயரைப் பிற்காலத்தில் அவரே மறைக்க நேர்ந்தது இவ்வரலாற்றின் துயரப் பகுதி. 1908இல் அவர் லிவர்பூலை விட்டு இஸ்தான்பூல் சென்றார். மணவிலக்கு வழக்கு ஒன்றில் நடந்துகொண்ட முறைக்காக, 1909இல் வழக்குரைஞர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. பின்னர் பிரிட்டனுக்குத் திரும்பியபோது லியோன் என்ற பெயரோடு வாழ்ந்தார். லிவர்பூல் பள்ளிவாசல் கைமாறியது. அவர் திரட்டிய சமூகமும் கலைந்தது. அக்கட்டடம் பின்னாளில் நகரின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகமாக நெடுங்காலம் பயன்பட்டது. தொழுகை நடந்த இடத்தில் ஊராரின் பெயர்கள் பதிவு செய்யப்பட்டன. அதை அமைத்தவரின் பெயரோ அந்நகரில் பெரும்பாலோருக்கு மறந்து போயிற்று.

1990களின் பிற்பகுதியில் அவர் பெயரால் ஒரு சங்கம் லிவர்பூலில் தோன்றி, கட்டடத்தை மீட்கும் பணியில் இறங்கியது. 2010இல் ரான் கீவ்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 2014இல் பிரௌகம் டெரஸில் மீண்டும் தொழுகை தொடங்கியது. இதற்கிடையே 2008இல் இலண்டனில் தோன்றி, முஸ்லிம்களிடையே கடும் வாதங்களுக்கு உள்ளாகி, 2021இல் மூடப்பட்ட ஓர் ஆய்வு அமைப்பும் இதே பெயரைச் சூடியிருந்தது. ஒரு பெயர் புகழ்பெற்றுவிட்டால் அதற்கு உரிமை கொண்டாடுவோர் பலர் ஆவர் என்பதற்கு அதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாழும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 39 இலட்சம் பேர். குவில்லியம் என்னும் பெயர் கொண்டவர்களோ இன்றும் சிலரே. ஆயினும் இவ்விரு வரலாறுகளும் ஒரு மனிதரிடம் சந்தித்தன. மேன் தீவின் உழவர்களும் மீனவர்களும் தம் தந்தையின் நினைவை ஒற்றை ஒலியில் பொதிந்து காத்தனர். அதைப் பெற்றவர் அதன் முன்னே அப்துல்லாஹ் என்று சேர்த்தார். முதலாவது அவர் தேர்ந்த நெறியைச் சொல்கிறது. இரண்டாவது அவரைப் பெற்றவரைச் சொல்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை இழக்க வேண்டியதில்லை.