புது டிவி, பழைய சேனல்: ஒரு சிக்கனத்தின் கதை



அப்பா ரொம்ப நாளா சேர்த்த பணத்துல போன மாசம் ஒரு பெரிய ஹெச்டி டிவி வாங்கினோம். பாட்டி ஆசையா வழக்கமான சீரியலைப் போட்டாங்க. ரெண்டே நிமிஷம்... "பழைய டிவியே தேவலைடா, இதுல எல்லார் மூஞ்சியும் கரைஞ்ச மாதிரி இருக்கு"ன்னுட்டாங்க. அப்பா முகம் வாடிப்போச்சு.

டிவி மேல தப்பான்னு தேடிப் படிச்சேன். விஷயம் 90 வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஒரு சிக்கனக் கணக்குல போய் நின்னுது!

படம் மினுக்காம தெரியணும்னா திரையை நொடிக்கு சுமார் 50 தடவை வரையணும். ஆனா முழுப் படத்தை 50 தடவை அனுப்பினா அலைவரிசையில ரொம்ப இடம் பிடிக்கும். 1930களின் தொடக்கத்துல ஜெர்மனியில ஃப்ரிட்ஸ் ஷ்ரோட்டர், அமெரிக்காவுல ராண்டால் பல்லார்ட் ரெண்டு பேரும் ஒரே வழியைப் பிடிச்சாங்க. முதல்ல ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். அதாவது பாதிச் செலவுல முழுப் படம். இதுக்குப் பேர் இன்டர்லேஸ். 1936ல பிபிசி 405 வரிகளோட இதைத்தான் பயன்படுத்துச்சு.

நம்ம நாட்டுல 1959ல டெல்லியில டிவி ஆரம்பிச்சுது. நமக்கு வந்தது 625 வரி முறை. அதுல படம் தெரியறது 576 வரி. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோட வந்த கலர், பால் என்ற முறை. அதுலயும் சிக்கனம்தான். நம்ம கண்ணு வெளிச்சத்தைப் பார்க்கிற அளவுக்கு நிறத்தைத் துல்லியமா பார்க்காது. அதனால நிற விவரத்தைக் குறைச்சு அனுப்பினாங்க.

இந்தக் குறையையெல்லாம் அந்தக் காலத்து குழாய் டிவி மறைச்சுடுச்சு. அதோட ஒளி லேசா பரவி, வரிகளை ஒட்டிக் காட்டும். ஹெச்டி டிவி அப்படி இல்லை. அதுல எண்ணி வச்ச புள்ளிகள்.

கணக்குப் போட்டா புரியும் (காமர்ஸ் புத்தி விடுமா? :)). சாதா சேனல்: 720 x 576 = 4,14,720 புள்ளிகள். முழு ஹெச்டி திரை: 1920 x 1080 = 20,73,600. சரியா அஞ்சு மடங்கு! அஞ்சுல நாலு புள்ளியை டிவி ஊகிச்சுத்தான் நிரப்புது. பாதிப் பாதியா வர்ற வரிகளையும் அதுவே கோர்க்கணும். தப்பா கோர்த்தா ஓடற ஆள் ஓரத்துல சீப்புப் பல் மாதிரி தெரியும். சேனல்காரங்க அதிகமா சுருக்கி அனுப்பினா கட்டம் கட்டமா வேற வரும்.

படிச்சதை வச்சு நான் செஞ்சது:

1. செட்டாப் பாக்ஸ்ல இருந்த மஞ்சள் வயரைப் பிடுங்கிட்டு ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டேன். மஞ்சள் வயர்ல நிறமும் வெளிச்சமும் ஒண்ணா கலந்து வரும்.
2. பாக்ஸ் அவுட்புட்டை 576லயும் 1080லயும் வச்சுப் பார்த்து, நல்லா இருந்ததை விட்டேன். பெரிசாக்கற வேலையை ரெண்டுல எது நல்லா செய்யுதோ அது செய்யட்டும்.
3. ஷார்ப்னஸைக் குறைச்சேன். கூட்டினா விவரம் கூடாது, ஓரத்துல வெள்ளைக் கோடுதான் கூடும்.
4. 4:3ல வர்ற சேனலை இழுக்காம அப்படியே விட்டேன்.
5. பாட்டி நாற்காலியை நாலடி பின்னால போட்டேன் :)

ஹெச்டி ஆயிடுச்சான்னா, இல்லை. இல்லாத புள்ளியை யாராலும் கொண்டுவர முடியாது. அன்னிக்கு மிச்சம் பிடிச்சதை இன்னிக்குப் பெரிய திரை கணக்குல காட்டுது, அவ்வளவுதான்.

பாட்டி ஒரு எபிசோட் முழுசா பார்த்துட்டு, "இப்ப பரவால்ல, ஆளு அடையாளம் தெரியுது"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை, ரிமோட்டை வாங்கி நியூஸ் போட்டார்!