கிழக்கேகோட்டையும் கல்லூரி மலரும்: மாணவ இதழாசிரியரின் மொழிப்பணி – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குக் கிழக்கே, பழைய கோட்டை வாயிலை ஒட்டிய பகுதி கிழக்கேகோட்டை என வழங்கப்பெறுகிறது. 'கிழக்கே' என்னும் வடிவம் மலையாளத்தில் பெயரடையாக இயல்பாக வரும். எழுத்துத் தமிழில் அது பெரிதும் வினையடையாகவே நிற்கும். பெயருக்கு அடையாகுமிடத்துக் 'கிழக்குக் கோட்டை' என எழுதுவதே மரபு. இவ்வூர்த் தமிழ் மாணவர் ஒருவர் தம் கல்லூரி மலருக்கு எழுதும் கதையில் இப்பெயர் வருமாயின், அதனை எவ்வடிவில் அச்சிடுவது? அதனை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உரியது? கல்லூரி இதழ்ப் பணியில் மாணவர் பெற்ற இடத்தை வரலாற்று முறையில் நோக்கி, இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

ஆசிரியர் கையில் இதழ்

சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் தொடங்கப்பெற்ற ஆங்கிலப் பள்ளி, 1866இல் மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி அதன் வழிவந்ததே. இக்கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். தமிழிலக்கிய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அவர், அதற்குச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழைக் களமாகக் கொண்டார். 1883இல் தோன்றிய அவ்விதழ் பெயரளவில் கல்லூரி இதழாயினும், பேராசிரியரும் அறிஞரும் எழுதிய ஆய்விதழாகவே விளங்கியது. அங்கு மாணவர் பெரும்பாலும் வாசகரே. இதழை நடத்துபவர் அல்லர்.

மாணவர் தாமே நடத்திய இதழுக்குத் தொடக்க வடிவம் கையெழுத்துப் பத்திரிகை எனலாம். மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது நடத்திய 'மாணவ நேசன்' பலரும் அறிந்த சான்று. அச்சுச் செலவு இல்லை. மேலிருந்து ஒப்புதல் பெற வேண்டியதும் இல்லை. எனவே எழுதியவரின் மொழி எழுதியவாறே வாசகரைச் சென்றடைந்தது. ஆயினும் படிகள் சிலவே ஆதலின், இவ்விதழ்களுள் காலத்தைக் கடந்து நின்றவை மிகக் குறைவு.

தேர்ந்தெடுக்கப்பெறும் ஆசிரியர்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆண்டு மலரின் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியர் குழுவைச் சார்ந்தது. கேரளத்திலோ 'மாகசின் எடிட்டர்' என்பது கல்லூரி மாணவர் ஒன்றியத்தின் பதவிகளுள் ஒன்று. தலைவர், செயலாளர் ஆகியோரைப் போலவே அப்பதவிக்குரியவரும் வாக்குப் பெற்று வருபவர். இத்தேர்தல் முறை நீதிமன்றம் வரை சென்று ஆராயப்பெற்றதும் உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் மன்றத்துக்கும் இடையே எழுந்த வழக்கின் விளைவாகவே லிங்தோ குழு அமைந்தது. 2006இல் அக்குழு அளித்த பரிந்துரைகள் நாடு முழுமைக்கும் உரியனவாயின.

வாக்குப் பெற்ற ஆசிரியர் மாணவர்க்குப் பொறுப்புடையவர். இது பெரும்பேறு. எனினும் மொழிச் சிறுபான்மையினர்க்கு இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியில் இருந்தன. அங்கிருந்து படிக்க வந்த தமிழ் மாணவர் தம் தலைநகருக்கு வந்தவர். எல்லை மாறியபின் அதே மாணவர் அயல் மாநிலத்தவராயினர். நகரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் மொழிச் சிறுபான்மையினராயினர். மலரின் தமிழ்ப் பகுதியும் பெரும்பாலான வாக்காளர் படிக்க இயலாத பகுதியாயிற்று.

இந்நிலையில் தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பேற்கும் மாணவரின் பணி படைப்புகளைத் திரட்டுவதோடும் மெய்ப்புத் திருத்துவதோடும் முடிவதில்லை. தமிழ் அறியாத மாணவ ஆசிரியர்க்கு ஒவ்வொரு படைப்பின் பொருளையும் மலையாளத்தில் எடுத்துரைத்து இடம் கேட்க வேண்டியவரும் அவரே. அச்சில் இடம்பெறாத மொழிபெயர்ப்பு இது.

திருத்தமும் இழப்பும்

அடுத்த நிலை தமிழாசிரியரின் திருத்தம். 'கிழக்கேகோட்டை' 'கிழக்குக் கோட்டை' ஆவதும், வீட்டு வழக்குகள் பொதுத்தமிழாவதும் இந்நிலையில்தான். பொதுத்தமிழ் பயில்வது மாணவர்க்கு இன்றியமையாதது. எல்லைக்கு அப்பாலுள்ள தமிழரோடு அவரைப் பிணைப்பதும் அதுவே. ஆசிரியரின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆயின் திருத்தத்தால் மறைவது யாது என்பதும் எண்ணத்தக்கது.

இதற்கு விடையளிப்பவை கல்லூரிக்கு வெளியே தோன்றிய நூல்கள். திருவனந்தபுரத்தில் வாழும் நீல. பத்மநாபன் 1968இல் வெளியிட்ட 'தலைமுறைகள்' நாவல் இரணியல் வட்டார வழக்கில் அமைந்தது. க.நா. சுப்ரமண்யம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன் அத்தெருவின் மாந்தரையும் அவர்தம் பேச்சையும் கதைகளாக்கினார். மார் இவானியோஸ் கல்லூரி ஆங்கில ஆசிரியரான நகுலன், அதே 1968இல் 'குருக்ஷேத்திரம்' தொகுப்பைக் கொணர்ந்தார். கல்லூரி மலரில் பிழையெனக் களையத்தக்க வடிவங்களே இந்நூல்கள் சிலவற்றிற்கு உயிராயின.

முடிவுரை

திராவிட மொழியியற் கழகமும் (1971) பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளியும் (1977) தோன்றிய நகரம் இது. எல்லைத் தமிழின் எழுத்துச் சான்றுகளைத் தேடுவோர் நூல்களோடு நில்லாது கல்லூரி மலர்களையும் நோக்குதல் வேண்டும். பதினெட்டு, பத்தொன்பது வயதினர் எழுதியதும், ஆண்டு குறிக்கப்பெற்றதும், ஊர் அறியப்பெற்றதுமான உரைநடை வேறெங்கும் எளிதில் கிட்டாது. மாணவர் கையில் சேர்ந்து விரைவில் சிதறிவிடும் இம்மலர்களைத் தமிழ்த்துறைகள் ஆண்டு வரிசையில் தொகுத்து வைப்பது முதற்பணி. திருத்தப்பெறாத கைப்படிகளையும் உடன் வைப்பின், எவ்வடிவம் எதுவாக மாறியது என்பதை ஆய்வாளர் அறிய இயலும்.

முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: கட்டுரையில் 'கிழக்குக் கோட்டை' நிற்கலாம், கதைமாந்தர் பேசுமிடத்துக் 'கிழக்கேகோட்டை'யே நிற்றல் வேண்டும். எவ்விடத்தில் எது பொருந்தும் என்னும் முடிவை, ஆசிரியரின் அறிவுரையோடு, மாணவரே எடுத்தல் வேண்டும். மொழியைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை இளைஞர் முதன்முதலில் ஏற்குமிடம் கல்லூரி மலரே. அப்பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் எஞ்சுவது பிழையற்ற மலர் மட்டுமே. இதழாசிரியர் உருவாக மாட்டார்.