காம மிகையும் முத்து மருந்தும்: சீன மருத்துவம், சித்த மருத்துவம், முத்துக்குளித்துறைக் கடற்கரை – ஒரு வரலாற்று ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அளவுமீறிய காமத்தை உடலின் நீர்மையை வற்றச் செய்யும் வெப்பமாகக் காணும் போக்கு சீன மருத்துவத்திலும் சித்த மருத்துவத்திலும் உண்டு. இரு மரபுகளிலும் முத்து தணிக்கும் மருந்தாக இடம்பெறுகிறது. தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரை சீனத்தோடு கொண்டிருந்த வணிகத்தொடர்பு இவ்வொற்றுமைக்குக் காரணமாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காம மிகை, சீன மருத்துவம், சித்த மருத்துவம், முத்துப் பற்பம், முத்துக்குளித்துறை.

முன்னுரை

போகர் சீனத்தோடு தொடர்புடையவர் என்னும் மரபுவழிச் செய்தியை அடிப்படையாகக் கொண்டு, சித்த மருத்துவத்துக்கும் சீன மருத்துவத்துக்கும் இடையிலான ஒவ்வோர் ஒற்றுமையையும் கொடுக்கல் வாங்கலாக விளக்கும் போக்கு காணப்படுகிறது. போகர் பெயரில் வழங்கும் நூல்களின் மொழிநடை பிற்காலத்தது. ஆதலால் அவற்றை மட்டும் கொண்டு மருத்துவப் பரிமாற்றத்தை நிறுவ இயலாது. கடல்வழிச் சென்றதற்குச் சான்றுள்ள ஒரு பொருளைக் கொண்டு ஆராய்வது பொருத்தமாகும். முத்து அத்தகைய பொருள்.

சீன மருத்துவத்தில் காம மிகை

காமத்தை வெப்பத்தோடு இணைத்து விரிவாக விளக்கியவர் சூ தான்சி (1281–1358). 1347ஆம் ஆண்டுக்குரிய 'கெசி யூலுன்' என்னும் தம் நூலில், மனித உடலில் 'யாங்' எனும் வெம்மைக்கூறு எப்போதும் மிகுந்தும், 'யின்' எனும் தண்மைக்கூறு எப்போதும் குறைந்தும் இருக்கும் என அவர் வாதிடுகிறார். இதயத்தில் இருப்பது அரச நெருப்பு. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இருப்பது அமைச்ச நெருப்பு. புறப்பொருள்களால் இதயம் கிளர்ந்தால் அமைச்ச நெருப்பும் உடன் கிளரும். அவ்வாறு கிளர்ந்தால், கூடல் நிகழாத நிலையிலும் விந்து தானே கசிந்து ஒழுகும் என்பது அவர் கோட்பாடு.

இதற்கேற்பவே மருத்துவமும் அமைந்தது. வேனிலில் தனித்துத் துயிலலும் எளிய உணவும் முன்னோர் நெறி என அவர் சுட்டுகிறார். அவர் பெயரோடு இணைந்த 'தா பூ யின்' மாத்திரையில் கசப்பும் தண்மையும் உடைய ஹுவாங்போ மரப்பட்டையும் சிமூ கிழங்கும் நெருப்பைத் தணிக்கின்றன. தி ஹுவாங் கிழங்கும் ஆமையின் அடியோடும் வற்றிய நீர்மையை நிரப்புகின்றன. காமத்தை அறவே அழிப்பது இம்முறையின் நோக்கமன்று. எரிவதைத் தணித்து, இழந்ததை ஈடுசெய்வதே நோக்கம்.

இம்மாத்திரையில் முத்து இல்லை என்பது கருதத்தக்கது. முத்து மனத்தை அமைதிப்படுத்தும் மருந்துகளின் வரிசையில் வருகிறது. 974ஆம் ஆண்டின் அரசு மருந்துநூலான 'காய்பாவ் பென்சாவ்' முத்தை மருந்தாகப் பதிவு செய்தது. பின்னர் லி ஷிசென் 1578இல் முடித்த 'பென்சாவ் காங்மு' நூலில், முத்து உள்ளத்தை நிலைப்படுத்தும். தன்னியல்பான விந்துக் கசிவையும் வெண்கலங்கல் நீரையும் நிறுத்தும் எனக் குறித்தார். காம மிகையின் விளைவுகளாகக் கருதப்பட்ட குறிகளோடு முத்து இவ்வாறு இணைகிறது.

சித்த மருத்துவத்தில் காம மிகை

சித்த மருத்துவத்தில் ஏழு உடற்கட்டுகளுள் இறுதியானது சுக்கிலம் அல்லது சுரோணிதம். பதினான்கு வேகங்களுள் சுக்கிலமும் ஒன்று. எனவே அதனை வலிந்து அடக்குவதும் நோய்க்கு வழியாகும். அளவின்றி இழப்பதும் நோய்க்கு வழியாகும். தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி பகற்புணர்ச்சியை விலக்கி, கூடலைத் திங்களுக்கு ஒருமுறையாக வரையறுக்கிறது. அளவுமீறிய கலவியால் அழல் மிகுந்து வெட்டை, வெள்ளை, மேகம் முதலிய நோய்கள் தோன்றும் என்பது இம்மரபின் கருத்து.

இந்நோய்களுக்குரிய மருந்துகளுள் ஒன்று முத்துப் பற்பம். முத்தைச் சுத்தி செய்து, சாறு விட்டரைத்து, வில்லையாக்கி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து புடமிட்டு இது முடிக்கப்படும். தண்மை தருவதாகக் கருதப்படும் இப்பற்பத்தை உட்சூடு, வெட்டை முதலியவற்றுக்குத் தக்க துணைமருந்துடன் வழங்குவர்.

கடல்வழித் தொடர்பு

மன்னார் வளைகுடா முத்து சீனத்தை அடைந்திருக்க வாய்ப்பு மிகுதி. 1015இல் சீன அரசவைக்குச் சென்ற சோழத் தூதுக்குழு, மன்னனின் கையுறையாக 21,100 லியாங் எடையுள்ள முத்துகளை அளித்ததைச் சாங் அரசின் வரலாற்று நூல் பதிவு செய்கிறது. கொற்கைக் கடற்கரை அப்போது சோழர் ஆட்சியின் கீழ் இருந்தது. 1077இலும் சோழத் தூது சென்றது. சுவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்குத் தமிழ் வணிகர் வாழ்ந்ததைக் காட்டுகிறது. பழைய காயலிலும் பெரியபட்டினத்திலும் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் மறுதிசை வணிகத்துக்குச் சான்றாகின்றன.

ஒற்றுமையும் கடன்பேறும்

வணிகத்தொடர்பு உறுதியெனினும், மருத்துவக் கடன்பேறு அதனால் உறுதியாகிவிடாது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது காலம். சீன அரசு மருந்துநூலில் முத்து இடம்பெற்றது 1015ஆம் ஆண்டுத் தூதுக்கு 41 ஆண்டுகள் முன்னர்.

இரண்டாவது இடம். சீனத்தின் தென்கரையில் உள்ள ஹெபு முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்றது. ஆகவே மருந்து முத்துக்குச் சீனம் தென்தமிழகக் கடலை மட்டும் நம்பியிருக்கவில்லை.

மூன்றாவது செய்முறை. இதுவே வலுவான காரணம். துளையிடாத முத்தைத் தாய்ப்பாலில் மூன்று நாள் ஊறவைத்தோ, பட்டுப்பையிலிட்டுச் சோயாக்கட்டியின் நடுவில் வைத்தோ வேகவைத்து, மிக நுண்ணிய பொடியாக அரைப்பது லி ஷிசென் கூறும் முறை. அதில் புடம் இல்லை. சித்த மருத்துவமோ நெருப்பிலிட்டு முத்தின் தன்மையையே மாற்றிப் பற்பமாக்குகிறது. மருந்தறிவு ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றிருந்தால், செய்முறையின் சுவடேனும் உடன் சென்றிருக்க வேண்டும். இங்கு அத்தகைய சுவடு புலப்படவில்லை.

முடிவுரை

காம மிகையை வெப்பமாகக் கண்டதும், குளிர்ந்த ஒளியுடைய கடற்பொருளை அதற்கு மாற்றாகக் கருதியதும் இரு மரபுகளிலும் தனித்தனியே தோன்றியிருக்கக் கூடும். முத்து கடல் கடந்தது. அதன் மருந்தறிவும் உடன் கடந்தது என்பதற்குச் செய்முறை சான்று தரவில்லை. பொருளின் பயணத்தையும் அறிவின் பயணத்தையும் வேறுபடுத்திக் காண்பதே ஒப்பாய்வின் முதற்கடமை.

இவ்வேறுபாடு சித்த மருத்துவத்தின் பெருமையைக் குறைப்பதன்று. சீனத் தொடர்பைச் சான்றின்றிக் கூறும்போது, புடமுறையை வளர்த்தெடுத்த தமிழ் மருத்துவரின் தனித்திறன் மறைந்துவிடுகிறது. கொற்கையில் தண்டனை பெற்றோர் முத்துக்குளித்தனர் என்று கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான 'பெரிப்ளூஸ்' கூறுகிறது. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. இவ்விரு எல்லைகளுக்கிடையே மூச்சடக்கி மூழ்கியோரின் உழைப்பே மருந்து முத்தின் தோற்றுவாய். அம்முத்து அரசவையை அடைந்த வழியை ஆவணங்கள் காட்டுகின்றன. மருத்துவரின் கல்வத்தை அடைந்த வழியை, சந்தை வழக்கையும் செய்முறைச் சுவடிகளையும் இணைத்து ஆராய்ந்தே காண வேண்டும்.